வெடிப்பைத் தாங்கும் பெட்டி

பெட்ரோல் பங்க்கில் வண்டிக்கு எண்ணெய் ஊற்றும் இயந்திரத்துக்குள் பெட்ரோலும் மின்சாரமும் சில அங்குல இடைவெளியில் வேலை செய்கின்றன. மோட்டார் பெட்ரோலை இழுக்கிறது, சோலனாய்டு வால்வு வழிவிடுகிறது, பல்சர் என்ற சிறு கருவி ஓடும் அளவை எண்ணித் திரைக்கு அனுப்புகிறது. பெட்ரோலோ மைனஸ் 40 டிகிரி வாக்கிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள். அந்த ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறியே போதும்.

அதனால்தான் மோட்டாரும், கம்பிகள் இணையும் ஜங்ஷன் பாக்ஸும் ஃப்ளேம்புரூஃப் வகையாக இருக்கின்றன. ஆவி உள்ளே புகாத பெட்டி என்றே பலர் இதை நினைக்கிறார்கள். உண்மையில், ஆவி புகும், உள்ளே வெடிக்கவும் கூடும் என்று எதிர்பார்த்தே அது செய்யப்படுகிறது. வெடிப்பின் அழுத்தத்தைக் கனத்த உலோகம் தாங்கும். சூடான வாயு, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடுக்கு வழியாகத்தான் வெளியேற முடியும். அதற்குள் உலோகம் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால், வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்கும் சூடு மிஞ்சாது. 1815-ல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைக் கம்பி வலையால் மூடியதும் இதே இயற்பியலை நம்பித்தான்.

இது தெரிந்தால், ஒரு போல்ட் தொலைந்துபோவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். மூடி சற்றே தூக்கினாலும் இடுக்கு அகன்றுவிடும், தீ வெளியே வரும். மூடி பொருந்தும் முகப்பில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், பெயின்ட் அடிப்பதும், கையில் கிடைத்த ரப்பர் கேஸ்கெட்டை வைப்பதும் அந்த இடுக்கைக் கெடுக்கும் வேலைகள். கேபிள் நுழையும் துளைக்கு, அதை இறுகப் பிடிக்கும் உரிய கிளாண்ட் வேண்டும். பயன்படாத துளையை இன்சுலேஷன் டேப்பால் அடைத்தால் அது அடைப்பே ஆகாது. சான்று பெற்ற உலோக பிளக்கைத்தான் முறுக்க வேண்டும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, அதாவது பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, இந்தக் கருவிகளுக்கு ஒப்புதல் தருவது பெட்டி, கிளாண்ட், போல்ட் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும் என்ற கணக்கில்தான்.

மின்சாரத்தைத் துண்டிப்பதில்தான் அதிகம் தவறு நேரக்கூடும். ஆபத்துப் பகுதியிலுள்ள கருவியை எல்லா மின் மூலங்களிலிருந்தும் பிரித்த பிறகே பழுதுபார்க்க வேண்டும் என்பது இந்தியாவின் பெட்ரோலிய விதிகள் சொல்வது. ‘எல்லா’ என்பதைக் கவனிக்க வேண்டும். நாசிலை மாட்டினால் மோட்டார் நிற்கும், கம்பியில் மின்சாரம் நிற்காது. மெயினை அணைத்தாலும், ஓடும் அளவைக் கணக்கிடும் மின்னணுப் பலகைக்கு யுபிஎஸ் லைன் தனியே வந்துகொண்டிருக்கலாம். பம்ப் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பங்க்குகளில் சிக்கல் இன்னும் அதிகம். ஒரே பம்ப் பல இயந்திரங்களுக்கு ஊட்டுவதால், அடுத்த இயந்திரத்தில் யாரோ நாசிலை எடுக்க, பழுதுபார்க்கும் இயந்திரத்தின் சிக்னல் கம்பியில் மின்சாரம் திரும்பி வரக்கூடும். எந்தெந்த லைன் எங்கிருந்து வருகிறது என்ற வரைபடம் கையில் இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது. நியூட்ரல் உட்பட எல்லாக் கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் சுவிட்ச் இருப்பது நல்லது. அணைத்த சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்வதுதான் சரி. சாதாரண மல்டிமீட்டரின் முனை தொட்டு விலகும்போதும் பொறி வரலாம் என்பதால், ஆவியில்லை என்று கேஸ் டிடெக்டரால் பார்த்த பிறகே அதை எடுக்க வேண்டும்.

விற்பனை நிற்கிறதே என்ற அவசரத்தில் வீட்டு வயரிங் மட்டும் தெரிந்தவரை அழைத்துத் திறக்கச் சொல்வது, திறமையுள்ள ஒரு தொழிலாளியை அவர் அறியாத ஆபத்தில் நிறுத்துவதாகும். கைராசிக்காரர் என்ற பெயர் இங்கே உதவாது.

இயந்திரத்தோடு பார்வை முடிந்துவிடவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடும். கேபிள் போகும் குழியில் மணல் நிரப்புவதும், குழாய் வாயைச் சீல் செய்வதும் இதற்காகத்தான். புதுக் கேபிள் இழுப்பவர் சீலை உடைத்துவிட்டு அப்படியே போனால், சாதாரண சுவிட்சுகள் உள்ள விற்பனை அறைக்கே அந்தக் குழாய் ஆவியைக் கொண்டுசேர்க்கும்.