வெயில் நிலத் தோட்டம் – 11: அருகு காய்ந்தால் காயட்டும்

திண்டுக்கல்லில் நத்தம் பஸ் ஏறினால் சாணார்பட்டி, கோபால்பட்டி என்று வழிநெடுக மாந்தோப்பும் புளியமரமும் செம்மண்ணும்தான். அந்த நத்தத்தில்தான் என்.பி.ஆர். கல்லூரி மைதானம் இருக்கிறது. 2016-ல் டி.என்.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோதே அங்கே ஆட்டம் நடந்தது. ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களும் நடந்திருக்கின்றன. டி.வி.யில் அந்தப் பச்சையைப் பார்த்தவர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் பிரையன்ட் பூங்காவுக்குப் போய்வந்தவர்களுக்கும், புது வீட்டு வாசலில் கொஞ்சம் லான் போட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆசையில் தப்பில்லை. ஆனால் மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆட்கள் உண்டு. கொடைக்கானலோ கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஒரே மாவட்டம் என்பதெல்லாம் கலெக்டர் ஆபீசுக்குத்தான். புல்லுக்கு அது வேறு நாடு.

சாணார்பட்டிப் பக்கம் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். செம்மண்ணுக்கு அடியில் கெட்டிப்பாறை. பாறை வெடிப்பில் இறங்கிய தண்ணீரைத்தான் போர் போட்டு எடுக்கிறார்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுக்க 60 சதவீதத்துக்கு மேல் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவிக்க வேண்டி வந்தது. ஒரு வீட்டுப் புல்வெளிக்காக மோட்டார் ஓடும்போது இறங்குவது அந்த வீட்டுத் தண்ணீர் மட்டுமல்ல, பக்கத்துத் தோப்புக்காரரின் தண்ணீரும்தான். லான் போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இது.

ஒரு சென்ட் நிலம் சுமார் 40 சதுர மீட்டர். அதில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினால் 1,000 லிட்டர். சித்திரை வெயிலில் புல் பச்சை மாறாமல் இருக்க வாரத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு கேட்கும். மூன்று சென்ட் லான் என்றால் மாதம் 12,000 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கிக் குளிக்கிற ஊரில் இதை எப்படி நியாயப்படுத்துவது?

பச்சையாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் கணக்கு மாறும். அதற்கு ஏற்ற புல், கடலைக் காட்டில் களை என்று கொத்தி எறிகிற அதே அருகம்புல். நர்சரிகளில் கொரியன் புல்லைத்தான் முதலில் காட்டுவார்கள். பார்வைக்கு அழகுதான், ஆனால் ஓரிடத்தில் கருகிவிட்டால் திரும்பப் படர மாதக்கணக்கில் ஆகும். அருகு அப்படியில்லை. மே மாதம் முழுசாகக் காய்ந்து சருகு நிறத்தில் கிடக்கிற அருகை ஒரு கொத்து மண்ணோடு பெயர்த்துப் பார்க்கலாம். மேலே தாள் நொறுங்கும். மண்ணைத் தட்டினால் உள்ளே வெள்ளை வெளேரென்று கணுக்கணுவாக ஒரு தண்டு ஓடும். நகத்தால் கீறினால் ஈரம் தெரியும். வெயிலுக்கு அது உறங்குகிறது, அவ்வளவுதான். ஒரு நல்ல மழை பெய்தால் ஒரு வாரம், பத்து நாளில் கணுவுக்குக் கணு முளை விடும். அந்த உறக்கத்தில் அதன் உயிரைக் காக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலத் தண்ணீர் போதும். சென்ட்டுக்கு மாதம் 1,000 லிட்டர். முன்பு சொன்னதில் கால்வாசி.

ஆனால் வேர் ஆழமாக இறங்கியிருந்தால்தான் இது நடக்கும். அதற்கான வேலை நடுவதற்கு முன்பே தொடங்குகிறது. செம்மண்ணை ஒரு முழம் கொத்திவிட்டு, மக்கிய தொழுவுரமும் கண்மாய் வண்டலும் கலந்தால் தண்ணீர் நிற்கும். ஏரி, குளங்களில் விவசாயிகள் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ள 2017-ல் அரசு அனுமதி கொடுத்த பிறகு, அது ஊர்ப்பக்கம் வெகுவாகப் புழங்குகிறது. தோட்டக்காரர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வண்டலோடு கோரைக்கிழங்கும் வந்து சேரும். ஒருமுறை லானுக்குள் கோரை புகுந்தால் பிடுங்கப் பிடுங்கக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்று மறுபடி முளைக்கும். வண்டலை ஓரமாகக் குவித்துத் தண்ணீர் தெளித்து, முளைத்த கோரையைக் கிழங்கோடு கெல்லி எடுத்து, இப்படி இரண்டு மூன்று தடவை செய்த பிறகு பரப்புவது நல்லது. பொறுமை இல்லாதவர்கள் வண்டலே போட வேண்டாம், தொழுவுரம் போதும்.

நடுகிற காலம் புரட்டாசிக் கடைசி. மழை அதற்குப் பின்னால் வந்து வேரைப் பிடிக்க வைக்கும். சித்திரையில் கிரகப்பிரவேசம், அதற்குள் லான் வேண்டும் என்று புல்லைப் பாய் பாயாக வாங்கி விரிப்பவர்கள் ஏராளம். பாதிக்கு மேல் கருகித்தான் போகிறது.

தினமும் சாயங்காலம் ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்று மேலாக நனைப்பது புல்லுக்குச் செய்கிற கெடுதல். மேல் மண் மட்டும் ஈரமாக இருந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். மோட்டார் நின்ற ஒரே வாரத்தில் சுருண்டு போகும். விடிகாலையில் ஒரே தடவையாக ஆழப் பாய்ச்ச வேண்டும். போதுமா என்று பார்க்க நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருந்தால் சரி: அரை அடி வரைக்கும் தடையில்லாமல் இறங்கினால் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கிறது. செம்மண்ணில் தண்ணீர் உடனே உள்ளே போகாமல் ஓடத் தொடங்கினால் நிறுத்தி, அரை மணி கழித்துப் பாய்ச்சலாம். கோடையில் புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. இரண்டு விரற்கடையாவது நிற்கட்டும், அதன் நிழலே மண்ணைக் காக்கும். யூரியாவைத் தொடவே வேண்டாம். தளதளவென்று வளர்த்துவிட்டு, அதற்கும் சேர்த்துத் தண்ணீர் கேட்கும்.

மாமரத்தடியில் அருகு வராது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் இல்லாத இடத்தில் அதைப் போடுவது வீண் செலவு. அங்கே சருகை அப்படியே விட்டுவிடுவதுதான் மரத்துக்கும் நல்லது.

தண்ணீர் இல்லாத ஊர்கள் புல்லை விட்டுக்கொடுப்பது இங்கே மட்டும் நடப்பதல்ல. 2015-ல் கடும் வறட்சியின்போது கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன், 5 கோடி சதுர அடி புல்வெளியை அகற்றி வறட்சி தாங்கும் செடிகளை வைக்க உத்தரவிட்டார். நெவாடா மாநிலம் 2021-ல் சட்டமே போட்டது: லாஸ் வேகாஸ் பகுதியில் யாரும் நடமாடாத, வெறும் அழகுக்கான புல்லுக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் 2026-க்குப் பிறகு கிடையாது. நம் நாட்டிலும் 2016 ஏப்ரலில், மகாராஷ்டிர வறட்சியைக் காரணம் காட்டி ஐ.பி.எல். ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னது மும்பை உயர் நீதிமன்றம்.

கலிபோர்னியாக்காரர்கள் புல்லுக்குப் பதிலாக நடுகிற செடிகளில் 'குராபியா' என்று ஒன்று. ஜப்பானில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகம். அதன் மூலச்செடி, நம் வயல் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் படர்ந்து கிடக்கிற பொடுதலை. துவையல் அரைக்கப் பறித்து வருவார்களே, அதுதான். தரையோடு ஒட்டிப் படரும், வெட்டுகிற வேலை அதிகமில்லை, வேர் பிடித்துவிட்டால் வறட்சியும் தாங்கும். கிணற்றடி, வாளி கழுவுகிற இடம் என்று கசிவு ஈரம் உள்ள ஓரத்தில் நாலு கணுவைக் கிள்ளி ஊன்றினால் தானாகப் பரவும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பூத்தால் தேனீ மொய்க்கும். குழந்தைகள் வெறுங்காலில் ஓடுகிற இடத்தில் அருகையே வைத்துக்கொண்டு, பொடுதலையைச் சுவரோரத்துக்குத் தள்ளிவிடலாம்.

(அடுத்த வாரம்: குளியலறைத் தண்ணீரும் கல்வாழைப் பாத்தியும்)