நில அதிர்வு முன்னெச்சரிக்கையும் மொழியும்: சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியை முன்வைத்து

நில அதிர்வு எந்நாளில் நிகழும் என முன்கூட்டியே கணித்துரைக்கும் அறிவியல் இன்றளவும் இல்லை. ஆயினும், ஓரிடத்தில் தோன்றிய அதிர்வு தொலைவிலுள்ள ஊரை அடையுமுன் அங்குள்ளோரை எச்சரிக்க இயலும். இம்முறையின் வரலாற்றையும் இயக்கத்தையும், அதில் மொழி பெறும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இக்கருத்து பழமையானது. 1868 அக்டோபர் 21இல் ஹேவர்டு நிலப்பிளவில் பெருநடுக்கம் ஏற்பட்டது. அடுத்த மாதமே ஜே. டி. கூப்பர் என்பார், நகருக்கு வெளியே உணர்கருவிகளை நிறுவித் தந்திக்கம்பி வழியே சான் பிரான்சிஸ்கோவில் மணி ஒலிக்கச் செய்யலாம் என நாளிதழில் எழுதினார். 1989 அக்டோபர் 17இல் 6.9 அளவிலான லோமா பிரியேட்டா நடுக்கம் 63 உயிர்களைக் கொண்டது. ஓக்லந்தில் இடிந்த சைப்ரஸ் மேம்பாலத்தில் பணியாற்றிய மீட்பாளர்களுக்குப் பின்னதிர்வுகளைப் பற்றி வானொலி வழி எச்சரித்தபோது, கூப்பரின் கருத்து இப்பகுதியில் செயல்வடிவம் பெற்றது. அந்நடுக்கத்தின் முப்பதாம் ஆண்டு நாளான 2019 அக்டோபர் 17இல், ஷேக்அலர்ட் அமைப்பின் எச்சரிக்கைகள் கலிபோர்னிய மக்கள் அனைவருக்கும் கைப்பேசி வழி கிடைக்கத் தொடங்கின.

இதன் அடிப்படை எளியது. நடுக்கத்தின் முதன்மை அலை நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் விரையும். பேரழிவு விளைக்கும் இரண்டாம் அலை ஏறத்தாழ 3.5 கிலோமீட்டரே செல்லும். மையத்தருகே உள்ள கருவிகள் முதல் அலையை உணர்ந்து மின்வழியே செய்தி அனுப்புகின்றன. 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ளோர்க்கு இருபது நொடியளவு கிடைக்கலாம். மையத்தின் மேலேயே வாழ்வோர்க்கோ ஒரு நொடியும் கிட்டாது. தமிழர் பலர் வாழும் ஃபிரீமாண்ட் நகரின் ஊடாக ஹேவர்டு பிளவு செல்வதை இங்கு நினைத்தல் வேண்டும்.

சில நொடிகளில் மொழிபெயர்த்துப் புரிந்துகொள்ள நேரமில்லை. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் பணியகம் 2025 சனவரியில் அவசர எச்சரிக்கைக்கு வகுத்த 13 அயல்மொழி வார்ப்புருக்களில் இந்தி உண்டு, தமிழ் இல்லை. பிள்ளைகளைக் காண வந்து மாதக்கணக்கில் தங்கும் முதியோர்க்கு இது பெருங்குறை. நிலம் நடுங்கினால் வெளியே ஓடுவதே நம் ஊர் வழக்கம். கலிபோர்னியாவிலோ, உள்ளேயே குனிந்து உறுதியான மேசைக்கடியில் புகுந்து அதைப் பற்றிக்கொள்ளவே கற்பிக்கின்றனர்.

இவ்வறிவுரையைத் தமிழாக்குவதிலும் கவனம் தேவை. ‘மறை’ என்றால் எதை மறைப்பது என்னும் ஐயம் எழும். ‘ஒளி’ வெளிச்சத்தையும் குறிக்கும். ‘குனியுங்கள், மேசைக்கடியில் போங்கள், பிடித்துக்கொள்ளுங்கள்’ என்னும் பேச்சுவழக்கு ஒட்டிய தொடர் சற்றே நீளினும் தடுமாற்றம் தராது.

2004 டிசம்பர் 26க்கு முன் ‘சுனாமி’ என்னும் சொல்லைத் தமிழ்க் கடற்கரையில் அறிந்தோர் மிகச் சிலர். பின்வாங்கிய கடலை வேடிக்கை பார்த்து நின்றோர் பலர். கருவி கூறும் செய்தி உயிர்காக்க வேண்டுமாயின், அதைக் கேட்போர் அறிந்த சொல் அதற்கு முன்பே வழக்கில் இருத்தல் வேண்டும். விரிகுடாப் பகுதித் தமிழ்ப் பள்ளிகள் மேற்கண்ட மூன்று தொடர்களையும் பயிற்சியாகவே கற்பித்தால், பிள்ளைகள் வழியே அவை வீட்டு முதியோரையும் சென்றடையும்.