பயணத்தில் குழந்தை உணவு

மாணவர்களே! ஆனித் திங்களில் காரைக்காலில் நிகழும் மாங்கனித் திருவிழாவுக்குத் தாய்மார் பலர் கைக்குழந்தையுடன் வருவர். 'வெயில் கடுமையாயிற்றே, குழந்தைக்குத் தண்ணீர் புகட்டு' என்று உடன்வந்தோர் கூற நான் பன்முறை கேட்டதுண்டு. அது வேண்டுவதில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீரே அன்றோ? 6 திங்கள் நிறையும்வரை அடிக்கடி பாலூட்டினாற் போதும். தண்ணீர் அருந்த வேண்டியவள் தாயே. தூய்மையற்ற நீரும் புட்டியும் வயிற்றுப்போக்கை விளைவிக்கும். சிறு உடலில் நீர் வற்றினால் உயிருக்கே இடர்.

6 திங்கள் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் இட்லியும் மசித்த வாழைப்பழமும் கொதித்தாறிய நீரும் ஏற்றவை. வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகுமாதலின், சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குள் ஊட்டிவிடுக. விழாவில் இறைக்கும் மாங்கனியையும் கழுவித் தோல் சீவிய பின்னரே மசித்துக் கொடுக்க. இதனை இன்றே உங்கள் இல்லத்தாரிடம் எடுத்துரையுங்கள்.