பழைய கேமராவைத் திறக்கும் முன் ஒரு நிமிடம்: பிலிம் காலத்துக் கருவிகள் தரும் இன்பமும் இன்னலும்

புதுதில்லி: வீடு மாற்றும்போதோ, தாத்தாவின் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போதோ தோலுறையுடன் கூடிய பழைய கேமரா ஒன்று கிடைப்பது இந்தியக் குடும்பங்களில் அரிதன்று. அதைக் கையில் எடுத்தவர் பெரும்பாலும் முதலில் செய்வது பின்மூடியைத் திறந்து பார்ப்பதுதான். செய்யக் கூடாத முதற்காரியமும் அதுவே. பாதி எடுத்து நிறுத்திய பிலிம் உள்ளே இருந்தால், 30, 40 ஆண்டுகளாகக் காத்திருந்த படங்கள் ஒளி பட்ட நொடியில் அழியத் தொடங்கும். இன்று உயிருடன் இல்லாத ஒருவரின் கடைசிப் படமும் அவற்றுள் இருக்கக்கூடும்.

திறன்பேசியில் படம் எடுத்துப் பழகிய இளைஞர்களிடையே பிலிம் கேமரா மீண்டும் விருப்பப் பொருளாகியுள்ள நிலையில், பழைய கருவியை எவ்வாறு சோதிப்பது, எங்கே பணம் வீணாகும், எதற்காக இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உள்ளே பிலிம் இருக்கிறதா?

35 மி.மீ. பிலிம் பயன்படுத்தும் கேமராவில், மேற்புறம் இடது ஓரத்தில் பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழ் ஒன்று இருக்கும். அதை அம்புக்குறி காட்டும் திசையில் மென்மையாகத் திருப்ப வேண்டும். தடையின்றிச் சுழன்றுகொண்டே இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை எனக் கொள்ளலாம். சற்றுத் திரும்பியபின் இறுகினால் பிலிம் இருக்கிறது. அடிப்பகுதியில் உள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, அந்த இறுக்கம் முற்றிலும் தளரும் வரை நிதானமாகச் சுற்றினால் பிலிம் தன் உலோகக் குப்பிக்குள் திரும்பிவிடும். அதன் பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பல ஆண்டு கிடந்த பிலிம் விறைத்துப்போய் அறுபடக்கூடும் என்பதால் வேகம் கூடாது.

பெரிய அளவிலான 120 ரோல் பயன்படுத்தும் பெட்டிக் கேமராக்களில் பின்புறம் சிவப்பு நிறச் சிறு சன்னல் இருக்கும். அதில் எண் தெரிந்தால் பிலிம் உள்ளே உள்ளது. இவ்வகையில் திரும்பச் சுற்றும் வேலை இல்லை. எண்கள் முடிந்து, தாளின் வால் நழுவும் வரை முன்னோக்கியே சுற்றி, நிழலான இடத்தில் எடுத்து ஒட்டிவிட வேண்டும்.

தெரியாமல் திறந்துவிட்டாலும் உடனே மூடினால் எல்லாம் போய்விடுவதில்லை. சுருளின் வெளிச்சுற்றுகளே முதலில் கருகும். உட்சுற்றுகளில் உள்ள சில படங்கள் பிழைக்கும்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் படம் கிடைப்பது எப்படி? பிலிமின் மீது பூசப்பட்ட வெள்ளி உப்புப் படிகங்களில் ஒளி பட்டவுடன் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் உருவாகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடத்தை ரசாயனக் கரைசல் பின்னர் கருமையாக்கிக் காட்டுகிறது. கழுவும் வரை தடம் அங்கேயே இருக்கும். வெப்பமும் ஈரமும் அதன்மேல் மெல்ல மெல்ல ஒரு மூட்டத்தைப் படரவிடும், அவ்வளவே. நம் நாட்டு வெயிலில், தகரக் கூரையின்கீழ் கிடந்த பிலிமிடம் அதிகம் எதிர்பார்க்க இயலாது. வண்ணப் பிலிமாக இருப்பினும் மிகப் பழையதைக் கறுப்பு வெள்ளை முறையில் கழுவுவதே பாதுகாப்பு. இன்றைய வண்ண முறையான சி-41, 1972இல் வந்தது. அதற்கு முந்தைய சி-22 பிலிமை இன்றைய சூடான கரைசலில் இட்டால் பூச்சே உரிந்துவிடக்கூடும். எனவே லேபில் கொடுக்கும்போது பிலிமின் வயதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வதோதராவும் உதகையும்

இந்திய வீடுகளில் கிடைக்கும் கேமராக்களைக் கொண்டே அவை வாங்கப்பட்ட காலத்தை ஓரளவு கணிக்கலாம். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பங்களின் முதல் கேமராவாகப் பெரிதும் விளங்கியது ஆக்பா கிளிக் 3. ஜெர்மானியப் பெயர் தாங்கிய அக்கருவி குஜராத்தின் வதோதராவில் தயாரிக்கப்பட்டது. வெயில், மேகம் என்ற இரண்டே ஒளி அமைப்புகள். ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். 1980களில் சிறு செவ்வகப் பெட்டி போன்ற ஹாட் ஷாட் வந்தது. 1990களில் யாஷிகா எம்.எஃப்.-2, கோடக் கே.பி.10 ஆகியவை சுற்றுலாக்களிலும் திருமண வீடுகளிலும் நிறைந்தன.

பிலிமும் ஒரு காலத்தில் உள்நாட்டிலேயே உருவானது. நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், புகைப்படத் தாள், எக்ஸ்-ரே பிலிம் ஆகியவற்றை நாடெங்கும் அனுப்பியது. கடன்சுமையிலும் தொழில்நுட்ப மாற்றத்திலும் நலிந்து அந்த ஆலை மூடப்பட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் பிலிம் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து வருவதே. விலை உயர்வின் வேர் இங்கேதான் இருக்கிறது. வண்ணச் சுருள் ஒன்று ஆயிரம் ரூபாயை எளிதில் தாண்டுகிறது. கழுவும் கூலியும் கணினிப் படமாக மாற்றும் கூலியும் தனி. 36 படங்களுக்கும் வகுத்துப் பார்த்தால், பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு தேநீரும் வடையும் செலவாகின்றன என்பது மிகையன்று.

வாங்கும் முன் சோதிக்க வேண்டியவை

தில்லி, மும்பை, கொல்கத்தாவின் பழைய பொருள் சந்தைகளிலும் இணையத்திலும் ‘நன்றாக இயங்குகிறது’ என்று விற்கப்படும் கேமராக்களில், பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறது என்பதற்கு மேல் உத்தரவாதம் இருப்பதில்லை. பிலிம் இல்லாமலே பின்மூடியைத் திறந்துவைத்து, ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் இயக்கிப் பார்க்க வேண்டும். 1/500 நொடியில் சரியாகத் திறந்து மூடும் ஷட்டர், ஒரு நொடி வேகத்தில் பாதியிலேயே நின்றுவிடுவது வழக்கமான நோய். உள்ளிருக்கும் எண்ணெய் உலர்ந்து பசையாகிவிட்டதே காரணம்.

அடுத்தது லென்ஸ். கைவிளக்கின் ஒளியை அதனூடே செலுத்தினால், சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிகின்றனவா என்று பார்க்கலாம். அது பூஞ்சை. கடலோர நகரங்களிலும் மழை மிகுந்த பகுதிகளிலும் இருந்து வரும் கருவிகளில் இது சாதாரணம். தொடக்கநிலையில் துடைத்தெடுக்கலாம்; முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். சிறிதளவு தூசுக்காக ஒரு லென்ஸை ஒதுக்க வேண்டியதில்லை, பூஞ்சைக்காக ஒதுக்கலாம்.

பின்மூடியின் விளிம்பில் ஒளி புகாதபடி ஒட்டப்பட்ட ஸ்பாஞ்சு, சில பத்தாண்டுகளில் தார்போலக் குழைந்து உதிர்ந்துவிடும். படங்களின் ஓரத்தில் செம்மஞ்சள் தீற்றல் விழுவது பெரும்பாலும் இதனால்தான். புதிய ஸ்பாஞ்சு ஒட்டுவது ஒரு மாலைப்பொழுது வேலை. இந்தத் தீற்றலையே அழகென்று கொண்டாடுவோரும் உண்டு. திருமணப் படத்தில் மணமகளின் முகத்தில் விழும் வரை அது அழகுதான்.

பேட்டரிச் சிக்கல் இன்னும் நுட்பமானது. 1960, 70களின் பல கேமராக்களில் ஒளியளவு காட்டும் கருவி 1.35 வோல்ட் பாதரச பேட்டரியில் இயங்கியது. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் பல நாடுகள் அவற்றைத் தடை செய்தன. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் பொருத்தினால் முள் அசையும், அளவு தவறாக இருக்கும். காதுகேள் கருவிக்கான 1.4 வோல்ட் பேட்டரியை ஒரு வளையம் வைத்துப் பொருத்துவது அனுபவசாலிகளின் வழி. பேட்டரியே வேண்டாம் என்போருக்கு ஒரு பழைய விதி கைகொடுக்கும்: தெளிவான வெயிலில் லென்ஸ் துளையை எஃப் 16இல் வைத்து, ஷட்டர் வேகத்தை பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நெருக்கமாக வைக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 100 பிலிம் என்றால் 1/125 நொடி.

இத்தனையும் சரியாக இருந்தும் ஏமாற்றம் வரும் இடம் ஒன்றுண்டு. பிலிமின் முனை உள்ளிருக்கும் சுருளியில் சரியாகச் சிக்காமல் நழுவிவிடும். கேமராவின் எண் காட்டி 1, 2, 3 என்று நகரும். 36 படங்கள் எடுத்த நிறைவோடு லேபிற்குச் சென்றால் ஒளியே படாத பிலிம் திரும்பி வரும். ஒவ்வொரு முறை நெம்புகோலை இழுக்கும்போதும் இடப்புறக் குமிழ் தானே சுழல்கிறதா என்று பார்ப்பது ஒன்றே இதற்குக் காப்பு. விமானப் பயணம் மேற்கொள்வோர், சி.டி. வகை ஸ்கேனர்கள் பிலிமைப் பாழாக்கும் என்பதால், கையால் சோதிக்குமாறு பாதுகாப்பு ஊழியரிடம் கேட்பது நல்லது.

சமையலறையில் ஓர் இருட்டறை

இவ்வளவு இடர்களுக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன என்ற கேள்விக்கு, ஒருமுறையேனும் வீட்டில் பிலிம் கழுவியவரிடம்தான் விடை இருக்கும். கறுப்பு வெள்ளை பிலிமுக்கு முழு இருட்டறை தேவையில்லை. கைகளை மட்டும் நுழைக்கும் கறுப்புத் துணிப்பையும், ஒளி புகாத மூடிய தொட்டியும் போதும். துணிப்பைக்குள் விரல் நுனிகளை மட்டும் நம்பி பிலிமைச் சுருளியில் ஏற்றுவது முதல் சில முறை பொறுமையைக் கடுமையாகச் சோதிக்கும். வியர்வை பட்டால் பிலிம் ஒட்டிக்கொள்ளும்.

கோடக் 1927இல் அறிமுகப்படுத்திய டி-76 கரைசல் இன்றும் புழக்கத்தில் உள்ளது. அதற்குரிய வழக்கமான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் மாடித்தொட்டித் தண்ணீர் எந்த நிலையில் வரும் என்பதை வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கரைசல் குப்பியை ஐஸ்கட்டி மிதக்கும் வாளியில் நிற்கவைத்துக் குளிர்விக்கிறார்கள். ஐஸை நேரடியாகக் கரைசலில் போட்டால் அது நீர்த்துவிடும். வண்ணப் பிலிமுக்கு வேண்டிய 37.8 டிகிரியை வட இந்தியக் கோடைத் தண்ணீர் தானாகவே நெருங்கிவிடுவது ஒரு வேடிக்கை.

டெவலப்பர், பின்னர் ஹைப்போ, பின்னர் ஓடும் நீர். உப்புநீர் உள்ள ஊர்களில் உலர்ந்த நெகடிவில் வெண்புள்ளிகள் படியும். கடைசி அலசலுக்கு, பேட்டரிக்கு ஊற்றும் வடிகட்டிய நீரைப் பயன்படுத்தினால் அது நீங்கும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருப்பதால், அதைச் சாக்கடையில் கொட்டாமல் சேர்த்துவைத்து லேபில் கொடுப்பது பொறுப்பான செயல். தொட்டியைத் திறந்து, ஈரம் சொட்டும் பிலிமைச் சன்னலுக்கு நேரே பிடித்து, சிறு சிறு கட்டங்களில் முகங்கள் கறுப்பு வெள்ளை தலைகீழாக நிற்பதைக் காணும் கணத்திற்காகவே பலர் இந்தப் பொழுதுபோக்கை விடுவதில்லை.

எண்ணிக்கைக் கட்டுப்பாட்டிலும் ஒரு பயன் உண்டு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியரவாலா (1913–2012), ரோலிஃபிளெக்ஸ், ஸ்பீட் கிராஃபிக் போன்ற கருவிகளுடன் பணியாற்றியவர். ரோலிஃபிளெக்ஸில் ஒரு ரோலுக்கு 12 படங்களே. அழுத்துவதற்கு முன்பே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

பழுது பார்ப்போர் எங்கே?

தில்லி சாந்தினி சௌக்கின் குச்சா சௌத்ரி, கொல்கத்தா எஸ்பிளனேடு பகுதியின் மெட்ரோ கலி ஆகிய கேமராச் சந்தைகளில் பழைய கருவிகளைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்கலாம். இவர்கள் கற்றது பெரும்பாலும் குருவிடமிருந்து, கைப்பழக்கமாக. புதிய உதிரிபாகங்கள் எங்கும் தயாராவதில்லை. இறந்துபோன ஒரு கேமராவின் பற்சக்கரமே இன்னொன்றுக்கு உயிர் தருகிறது. பிலிமின் விலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான நெருக்கடி இந்தக் கைகள்தாம் எனத் தோன்றுகிறது. பிலிம் விலை குறையலாம். ஷட்டரின் ஓசையைக் கேட்டே பிணியறியும் ஒருவர் கடையை மூடிவிட்டால் அந்த இடத்திற்கு யாரும் வருவதில்லை. இவர்கள் கேட்கும் கூலியில் பேரம் பேசாதிருப்பது நன்று. கையில் உள்ளது எந்த வகை, எந்தக் காலத்தது என்று புரியாதவர்கள், குருகிராமில் 2019இல் திறக்கப்பட்ட மியூசியோ கேமரா அருங்காட்சியகத்தில் அதன் உறவினர்களைக் காணலாம்.

சீர்செய்து வாங்கிய கேமராவை மீண்டும் அதன் தோலுறையிலேயே வைப்பது பலரும் செய்வது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு இல்லை. மழைக்காலம் தொடங்கும் முன் உறையைத் தனியே எடுத்துவிட்டு, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் கேமராவை வைத்து, மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஷட்டரை எல்லா வேகங்களிலும் இயக்கிப் பார்க்க வேண்டும்.