அடுப்பு யாருக்கு? பட்டம் யாருக்கு?

அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு ஆக்கிப் போட்ட அம்மையாரின் கதை, ஆலையிலும் கழனியிலும் உழைக்கும் தோழனுக்கு எதற்கு? கேட்கவேண்டிய கேள்விதான். கொலு மண்டபத்துக் கோலாகலத்தைப் பாட நாம் பேனா எடுக்கவில்லை. அந்த மண்டபத்துக்குக் கீழ்த்தளத்தில் எரிகிற அடுப்பைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

சமையல் பெண்ணுக்குப் பிறவிக் கடன் என்கிறார்கள். விடியுமுன் எழுந்து, புகையிலே கண் கசங்கி, ஊர் உறங்கியபின் பானை கழுவிக் கவிழ்க்கிறாளே, கூலி உண்டா? இல்லை! பெயர் உண்டா? அதுவும் இல்லை! ஆனால் அதே சமையல் சம்பளமும் பட்டமும் தரும் தொழிலானதும், "கரண்டியை இப்படிக் கொடு" என்று ஆண்மகன் முன்னே வந்து நிற்கிறான்.

வெள்ளை மாளிகையிலும் இதே வேடிக்கைதான். மனிதர் யாவரும் சமம் என்று சாசனம் தீட்டிய ஜெபர்சன், 1801 முதல் 1809 வரை தலைவராய் வீற்றிருந்தபோது, அங்கே அடுப்பில் வெந்தவர்கள் ஈடித் பாசெட், பேனி ஹெர்ன் என்ற கறுப்பினப் பெண்கள். ஜெபர்சனுக்கே உடைமையான அடிமைகள்! சாசனம் மாடியில், சமத்துவம் சாம்பலில்! பிறகு 1961-இல் கென்னடியின் துணைவியார் 'தலைமைச் சமையலாளர்' என்ற பதவியை உண்டாக்கினார். அமர்ந்தவர் ரெனே வெர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர். அதன்பின் 44 ஆண்டுகள், அந்த நாற்காலி ஆடவரை விட்டு அகலவில்லை.

அந்த நாற்காலியில்தான் 2005-இல் ஒரு பிலிப்பைன் பெண் அமர்ந்தார். கிறிஸ்டெட்டா கோமர்ஃபோர்ட்! பெண்களில் முதல்வர், ஆசிய இனத்தாரிலும் முதல்வர்.

பிலிப்பைன் என்றால் எந்த நாடு? 1898-இல் 2 கோடி டாலர் கொடுத்து ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைமாற்றிக்கொண்ட நாடு. சந்தையில் மாடு பிடிப்பது போல! 1946-இல் விடுதலை வந்தது. ஆயினும் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த பிலிப்பைன் இளைஞனுக்கு, 1970-களின் தொடக்கம் வரை, அதிகாரிகளின் உணவு மேசைக்குப் பணிவிடை செய்யும் வேலையே விதிக்கப்பட்டிருந்தது. படித்திருந்தாலும் தட்டேந்து, பட்டம் பெற்றிருந்தாலும் படுக்கை விரி! பிறந்த நாட்டைப் பார்த்துத் தொழிலை ஒதுக்குகிற இந்த ஏற்பாட்டுக்கு அங்கே என்ன பெயரோ, நமக்கு அது பழகிய நாற்றந்தான்.

கிறிஸ்டெட்டா 1962-இல் மணிலாவில், 11 பிள்ளைகள் நிறைந்த வீட்டில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் பயின்றுகொண்டிருந்தவர், பட்டம் பெறுமுன்னே 23-ஆம் வயதில் அமெரிக்கா சென்றார். சிகாகோ விமான நிலையத்தருகே ஓர் ஓட்டலில் முதல் வேலை: கீரையும் காயும் நறுக்கி சாலட் கலப்பது. ஆம், அடிப்படியிலிருந்து! வியன்னாவுக்குப் போனார், பிரெஞ்சுச் சமையலில் கை தேர்ந்தார், வாஷிங்டன் ஓட்டல்களில் உழைத்தார். 1995-இல், வெள்ளை மாளிகையின் அன்றைய தலைமைச் சமையலாளர் வால்டர் ஷைப் அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

பத்தாண்டு பிறர்கீழ் உழைப்பு. 2005 பிப்ரவரியில் ஷைப் விலகினார், பதவி காலி. அந்த ஜூலையில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்குக்கு விருந்து, 134 பேர் பந்தி! தலைமைப் பட்டம் இல்லாமலே பந்தியை நடத்திக் காட்டினார் அம்மையார். ஆகஸ்டு 14-இல் நியமனம் வந்தது. எவரும் இரங்கி ஈந்த பிச்சையன்று அது!

ஒருத்தி உயர்ந்ததால், அங்கே ஓட்டல் கொல்லைகளில் பாத்திரம் துலக்கும் குடியேறிகள் எல்லோருக்கும் விடிந்துவிட்டதா? அப்படிச் சொல்ல நாம் ஏமாளிகளல்ல. ஆனால் 'பெண்ணுக்கு வீட்டு அடுப்பு, ஆணுக்கு விருந்து அடுப்பு' என்றவர்களின் வாயை அந்த ஒருத்தி அடைத்தாரே, அதைச் சொல்லாமல் விடவும் மாட்டோம்.

கிளிண்டன், புஷ், ஒபாமா, டிரம்ப், பைடன் என்று ஐவர் மாறினர். ஆளுங்கட்சியும் மாறி மாறி வந்தது. 2024 ஜூலையில், ஏறத்தாழ 30 ஆண்டுப் பணிக்குப்பின், அம்மையார் ஓய்வு பெற்றார். இடைக்காலப் பொறுப்பு அவருடைய சமையற்கட்டிலேயே உழைத்த டாமி குர்பிரதித் கைக்குப் போயிற்று. அவருடைய பெற்றோர் தாய்லாந்தில் பிறந்தவர்கள்.