நொதித்தலில் விளையும் நாரும் சர்க்கரையும்: அந்தமான் தென்னையை முன்வைத்து ஒரு கலைச்சொல் நோக்கு

1. முன்னுரை

அறிவியற் செய்திகளைத் தமிழில் பெயர்ப்போர் இருவகைச் சிக்கல்களை எதிர்கொள்கின்றனர். தமிழில் சொல்லே இல்லாதபோது எழுவது ஒன்று. சொல் இருந்தும் அது தன் பழைய பொருளால் புதிய பொருளை மறைக்கும்போது எழுவது மற்றொன்று. முன்னது உடனே புலப்படும். சொல்லைத் தேடியோ ஆக்கியோ தீர்த்துக்கொள்ளலாம். பின்னது புலப்படுவதில்லை. பெயர்ப்பவரும் அறியாமல், படிப்பவரும் அறியாமல் பிழை நிலைத்துவிடுகிறது.

பாக்டீரியங்களைக் கொண்டு நார்ச்சத்தையும், ‘பிரிபயாட்டிக்’ எனப்படும் சர்க்கரைகளையும் உண்டாக்கும் முறை இவ்விரண்டாம் வகைச் சிக்கலுக்குத் தக்க சான்றாகும். நொதித்தல், நார்ச்சத்து, பிரிபயாட்டிக், சர்க்கரை ஆகிய நான்கு சொற்களும் இத்துறையில் எவ்வாறு பொருள்படுகின்றன, எங்கே வழுவுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சொல்லை ஆராயுமுன் பொருளை அறிதல் வேண்டுமாதலின், செய்முறை முதலில் விளக்கப்படுகிறது.

இதற்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைக் களமாகக் கொள்ளக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அங்குத் தென்னை மிகுதி. அம்மரத்தின் இரு நீர்மங்களில் இரு வேறு பாக்டீரியங்கள் இரு வேறு பொருள்களை உண்டாக்குவதை அருகருகே வைத்துக் காணலாம். இரண்டாவது, அங்குத் தமிழும் வாழ்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். தமிழகத்திலிருந்து சென்றவர்களோடு, 1970களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரும் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். எனவே இரு நாட்டுத் தமிழும் சந்திக்கும் இடம் அது.

2. தென்னையின் இரு நீர்மங்கள்

2.1. பாளை நீர்

தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் வடியும் நீரில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் சுக்ரோஸ் உண்டு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராக நிற்கும். தடவாவிடில் கள்ளாக மாறும். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களைத் தடுப்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். நிக்கோபாரியரும் தென்னையிலிருந்து கள் இறக்கும் வழக்கமுடையோர்.

கள் உண்டாகும்போது ஈஸ்ட் சாராயத்தை ஆக்குகிறது. அதற்கு முன்பும் அதனோடும் லாக்டிக் அமில பாக்டீரியங்கள் தொழிற்படுகின்றன. அவற்றுள் ஒன்று லியூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ். ஐரோப்பியச் சர்க்கரை ஆலைகளில் சாற்றைக் கோழையாக்கிக் குழாய்களை அடைத்த ஓர் உயிரைப் பிரெஞ்சு அறிஞர் வான் டீகெம் ஆராய்ந்து 1878இல் இப்பெயரிட்டார். அதே பாக்டீரியமே இட்லி மாவைப் பொங்கச் செய்வதில் முதன்மைப் பங்குடையது என்பது 1965இல் வெளியான ஆய்வொன்றால் அறியப்பட்டது. ஆலையில் பகையாகக் கருதப்பட்ட ஒன்று அடுக்களையில் உறவாக இருந்துவந்திருக்கிறது.

இப்பாக்டீரியம் தன் உடலுக்கு வெளியே ஒரு நொதியைச் சுரக்கிறது. அந்நொதி சுக்ரோசைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிளக்கிறது. பிளந்த குளுக்கோசுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறது. அவ்வாறு கோத்த நெடுந்தொடரே டெக்ஸ்டிரான். கள் சிலபோது கொழகொழப்பாதற்கு இதுவே காரணம். ஆனால் சுக்ரோசோடு மால்ட்டோஸ் என்னும் மற்றொரு சர்க்கரையையும் மிகுதியாகச் சேர்த்தால், நொதி குளுக்கோசை நெடுந்தொடரில் கோப்பதை விட்டு மால்ட்டோசின் முனையில் ஒட்டத் தொடங்குகிறது. அப்போது மூன்று, நான்கு, ஐந்து அலகுகளே உடைய குறுந்தொடர்கள் விளைகின்றன. உயிர், நொதி, வினை யாவும் ஒன்றே. உடனிருக்கும் பொருள் மாறும்போது விளைவின் நீளம் மாறுகிறது.

இக்குறுந்தொடர்களில் உள்ள பிணைப்பை நம் சிறுகுடலின் நொதிகள் மாவுப்பொருளின் பிணைப்பைப் போல் எளிதில் வெட்டமாட்டா. ஆகவே ஒரு பகுதி செரிக்கப்பட்டு, மறுபகுதி பெருங்குடலை அடைகிறது. அங்கே வாழும் பிஃபிடோ பாக்டீரியம் போன்றவற்றுக்கு அது உணவாகிறது. கள்ளையே உடல்நலப் பானமாகக் கொள்ளலாம் என்பது இதன் பொருளன்று. கட்டுப்படுத்திய நிலையில் பிரித்தெடுக்கும் பொருளும், சாராயத்தோடு கலந்து கலயத்தில் கிடக்கும் பொருளும் ஒன்றல்ல.

2.2. தேங்காய் நீர்

கொப்பரை ஆக்குமிடங்களில் முற்றிய தேங்காயை உடைக்கும்போது அதன் நீர் பெரும்பாலும் கீழே ஊற்றப்படுகிறது. தென்னையே வாழ்வாதாரமாயிருந்த நிக்கோபார்த் தீவுகளில் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தோப்புகளைப் பெரிதும் அழித்தது. இத்தகைய இடத்தில் வீணாகும் நீரைப் பயன்படுத்தும் வழி கருதத்தக்கது.

அத்தகைய வழியொன்றைத் தென்னை மிகுந்த மற்றொரு தீவுக்கூட்டமான பிலிப்பைன்ஸ் 1949 முதல் கையாண்டுவருகிறது. தேங்காய் நீரை வடிகட்டி, லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரையும் சிறிதளவு அம்மோனிய உப்பும் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் அசெட்டிக் அமிலமும் தாய்க்கரைசலும் கலந்து அகன்ற தட்டுகளில் அசையாது வைப்பர். இரண்டு வாரங்களில் நீரின் மேற்பரப்பில் வெண்மையான தடித்த ஆடை படரும். அதை வெட்டிப் பலமுறை அலசிப் புளிப்பு நீக்கிக் கொதிக்கவைத்தால் மெல்லுதற்கினிய உணவாகிறது. இதன் பெயர் ‘நாட்டா டி கோகோ’. ‘நாட்டா’ என்பது பாலேட்டைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். இந்தியாவில் தென்னை வளர்ச்சி வாரியம் இச்செய்முறையைத் தேங்காய்ப் பொருள்களுள் ஒன்றாக அறிமுகப்படுத்தியுள்ளது.

இதனை ஆக்கும் பாக்டீரியம் கோமகட்டாய்பேக்டர் சைலினஸ். முன்னர் அசிட்டோபேக்டர் சைலினம் எனப்பட்டது. கள்ளைக் காடியாக்கும் பாக்டீரியங்களின் இனத்தது. இதன் ஆடை செல்லுலோசே என்பதை ஏட்ரியன் பிரவுன் என்பார் 1886இல் காட்டினார். ஒவ்வோர் உயிரணுவும் தன் உடலின் துளைகள் வழியே மெல்லிய செல்லுலோஸ் இழைகளைத் தள்ளுகிறது. அவை சேர்ந்து, மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒத்த அகலமுடைய நாடாவாகின்றன. எண்ணற்ற நாடாக்கள் பின்னி நீரைச் சிறைப்படுத்தும்போது ஆடை உருவாகிறது. அதன் எடையில் பெரும்பகுதி நீரே. எஞ்சியது ஏறத்தாழத் தூய செல்லுலோஸ். மனித உடலால் அது செரிக்கப்படுவதில்லை. பெருங்குடல் நுண்ணுயிர்களும் அதனை மிகக் குறைவாகவே சிதைக்கின்றன.

ஆகவே, ஒரே மரத்தின் இரு நீர்மங்களில் விளைவன தம்முள் வேறுபட்டவை. பாளை நீரில் ஆக்கத்தக்க குறுந்தொடர்கள் கரைவன, இனிப்பன, குடல் நுண்ணுயிர்க்கு உணவாவன. தேங்காய் நீரின் ஆடை கரையாதது, சுவையற்றது, அந்நுண்ணுயிர்க்குப் பெரிதும் உணவாகாதது. இவ்வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்கள் காட்டுகின்றனவா என்பதே அடுத்த வினா.

3. நொதித்தல்

தமிழகப் பாடநூல்கள் ‘நொதி’ என்பதை என்சைமுக்கும், ‘நொதித்தல்’ என்பதை ஃபெர்மென்டேஷனுக்கும் ஆள்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் முன்னதற்கு ‘நொதியம்’ என்கின்றன. இரண்டும் ஓரடியிற் பிறந்தவை. இது பிற்போக்கான அமைப்பன்று. 1870களில் கூனே என்னும் செருமானிய அறிஞர் ஆக்கிய என்சைம் என்னும் சொல்லும் ‘புளிமாவினுள்’ எனப் பொருள்படும் கிரேக்க அடியினதே.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. உயிர்வேதியியலில் நொதித்தல் என்பது ஆக்சிஜனின்றி நிகழும் சிதைவு. தொழில்நுட்பத்திலோ நுண்ணுயிரை வளர்த்துப் பொருள் பெறும் எம்முறையும் நொதித்தலே. செல்லுலோஸ் ஆடையை ஆக்கும் பாக்டீரியம் காற்றின்றி வாழாது. அதனாலேயே ஆடை மேற்பரப்பில் படர்கிறது. பாடநூல் இலக்கணத்தை மட்டும் கொண்டவர்க்கு ‘நொதித்தலால் செல்லுலோஸ் உண்டாகிறது’ என்னும் தொடர் முரணாகவே தோன்றும்.

மேலும், இத்துறைக் கட்டுரைகளில் நொதித்தல் என்னும் சொல் இரு முறை, இரு இடங்களில் வருகிறது. கலத்தில் நிகழும் நொதித்தல் குறுந்தொடரை ஆக்குகிறது. பெருங்குடலில் நிகழும் நொதித்தல் அதைச் சிதைத்து அமிலங்களாக்குகிறது. மூலத்தில் இரண்டும் ஒரே சொல்லாயினும், தமிழில் ‘நொதிகல நொதித்தல்’ எனவும் ‘குடல்வழி நொதித்தல்’ எனவும் அடை கொடுத்தல் நன்று. புளித்தல் என்னும் வழக்குச்சொல் சுவையைச் சுட்டுவதாதலின் இங்கு முழுதும் பொருந்தாது.

4. நார்ச்சத்து

நார் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவன வாழைநாரும் தென்னைநாரும். நிக்கோபாரியர் தாழையினத்துப் பழத்தை வேகவைத்துச் சதையைச் சுரண்டி, நாரை நீக்கி உணவாக்குவர். அங்கே நார் என்பது களையத்தக்கது. சத்து என்பதோ கொள்ளத்தக்கது. சக்கை எனத் தள்ளியதையே சத்து என ஏற்ற மாற்றத்தை ‘நார்ச்சத்து’ என்னும் தொகை தன்னுள் கொண்டுள்ளது.

உணவு நார் என்னும் கருத்துக்கு 1953இல் ஹிப்ஸ்லி பெயரிட்டார். 1972இல் டிரோவெல், மனிதச் செரிமான நொதிகளுக்கு ஆட்படாத தாவரச் சுவரின் எச்சம் என அதனை வரையறுத்தார். 2009இல் கோடெக்ஸ் உணவு ஆணையம் தந்த வரையறையோ தோற்றத்தையும் தாவரத்தையும் விட்டு, சிறுகுடலில் செரியாத, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட அலகுகளுடைய கார்போஹைட்ரேட்டுத் தொடர் என்று கூறுகிறது. மூன்று முதல் ஒன்பது அலகுகள் உடையவற்றைச் சேர்ப்பதா விடுப்பதா என்பதை அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டது.

இதன் விளைவு கருதற்குரியது. தேங்காய்நீர் ஆடை உண்மையிலேயே இழையாலானது. அதற்கு நார் என்னும் சொல் பொருந்தும். நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாதிருக்கும் குறுந்தொடரோ ஒரு நாட்டில் சட்டப்படி நார். மற்றொரு நாட்டில் அன்று. எனவே மூலத்தில் உள்ள ‘ஃபைபர்’ இழை வடிவத்தைச் சுட்டும்போது ‘நார்’ அல்லது ‘இழை’ என்றும், செரியாமையைச் சுட்டும்போது ‘நார்ச்சத்து’ என்றும் பெயர்த்தல் வேண்டும். கரையும் நார்ச்சத்து, கரையா நார்ச்சத்து என்னும் அடைகளைச் சுருக்கம் கருதி விட்டுவிடுதல் கூடாது.

5. பிரிபயாட்டிக்

இச்சொல்லை இன்றைய ஊட்டவியற் பொருளில் கிப்சனும் ராபர்ஃபிராய்டும் 1995இல் அறிமுகப்படுத்தினர். 2017இல் பன்னாட்டு அறிவியலாளர் குழுவொன்று, உடலில் வாழும் நுண்ணுயிர்களால் தேர்ந்து பயன்படுத்தப்பட்டு உடலுக்கு நலம் தரும் பொருள் என்று இதனைத் திருத்தி வரையறுத்தது. உயிரோடு உட்கொள்ளப்படும் நுண்ணுயிரே ‘புரோபயாட்டிக்’. ஒன்று உணவு, மற்றொன்று உண்பது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஈரெழுத்து வேறுபாட்டில் நின்றுவிடுவதால் மயக்கம் எளிதில் நேர்கிறது. நோயெதிர்ப்பு மிகக் குன்றிய நோயாளிக்கு உயிருள்ள நுண்ணுயிரைத் தருவதற்கு மருத்துவர் அஞ்சுவர். அவர்க்கான அறிவுரைத்தாளில் இவ்விரு சொற்களும் இடம்மாறின் அது அச்சுப் பிழையோடு நிற்பதன்று.

ஒலிபெயர்ப்பை விட்டு நேர்மொழிபெயர்ப்பாக ‘உயிர்க்கு முந்திய’ என எழுதினால் வேறோர் இடர் தோன்றும். உலகில் உயிர் தோன்றுமுன் நிகழ்ந்த வேதிவினைகளைக் குறிக்கவும் அதே ஆங்கிலச் சொல் வழங்குகிறது. ‘பிரிபயாட்டிக் சர்க்கரை’ என்னும் தொடர் ஆதிப் புவியில் உருவான சர்க்கரையையும் குறிக்கும். குடற்கு உகந்த சர்க்கரையையும் குறிக்கும். துறையறியாது பெயர்த்தால் பொருள் பல நூறு கோடி ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும்.

ஆதலின் வடிவத்தை விட்டு வினையைப் பற்றிப் பெயரிடுதலே தக்கது. புரோபயாட்டிக்கை ‘நலநுண்ணுயிர்’ என்றும், பிரிபயாட்டிக்கை ‘நுண்ணுயிரூட்டி’ என்றும் கூறலாம். உண்பதும் ஊட்டுவதும் சொல்லிலேயே வேறுபட்டு நிற்கும்.

6. சர்க்கரை

தமிழகப் பாடநூல்கள் ஒற்றைச் சர்க்கரை, இரட்டைச் சர்க்கரை, கூட்டுச் சர்க்கரை என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ஒருசக்கரைட்டு, இருசக்கரைட்டு, பல்சக்கரைட்டு என்கின்றன. பின்னது ஒலிபெயர்ப்பாயினும் ஒரு நன்மை உடையது. அடுக்களைச் சர்க்கரையிலிருந்து வேதியியற் சர்க்கரையை அது பிரித்துவிடுகிறது. ‘அவருக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்றால் நோயையே பொருளாகக் கொள்ளும் வழக்கில், ‘நுண்ணுயிரூட்டிச் சர்க்கரை’ என்னும் தொடர் ஒருவரை வீணே அச்சுறுத்தலாம். ‘நலம் தரும் சர்க்கரை’ என்பது மற்றொருவரை அளவின்றி உண்ணச் செய்யலாம். விற்பனைப் பொருளில் எளிய சர்க்கரைகளும் எஞ்சி நிற்பதுண்டு என்பதால் இரண்டாவது பிழை மேலும் தீயது. ஒலிகோசாக்கரைடைக் ‘குறுந்தொடர்ச் சாக்கரைடு’ எனல் இரு நாட்டு வழக்கிற்கும் பொதுவாக அமையும்.

இன்று பாக்டீரிய நொதித்தலால் பெருமளவில் ஆக்கப்படும் ஒரு குறுந்தொடர் இதனினும் கவனத்துக்குரியது. தாய்ப்பாலின் திடப்பொருள்களுள் லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்த நிலையில் இருப்பவை குறுந்தொடர்களே. அவற்றுள் ஒன்றான ஃபுகோசைல்லாக்டோசை, மரபணு மாற்றிய எஸ்செரிச்சியா கோலை பாக்டீரியத்தைக் கொண்டு ஆக்கிக் குழந்தைப் பால்மாவில் சேர்க்கின்றனர். ஆங்கிலத்தில் இவற்றின் தொகுதிப்பெயர் ‘மனிதப்பால்’ என்னும் அடையோடு வழங்குகிறது. அதனைத் ‘தாய்ப்பாற் சர்க்கரை அடங்கியது’ எனப் பெயர்த்தால், பால்மாவில் தாய்ப்பால் கலந்துள்ளது என்றே ஒரு தாய் கொள்வாள். தாய்ப்பாலுக்கு மாற்றான உணவை விளம்பரப்படுத்துவதைத் தடுக்க 1992இல் இந்தியா தனிச்சட்டம் இயற்றிய நிலையில், சட்டம் தடுத்ததை மொழிபெயர்ப்பு செய்துவிடலாகாது. ‘தாய்ப்பாலில் உள்ளதை ஒத்த, நொதித்தலால் ஆக்கிய குறுந்தொடர்ச் சாக்கரைடு’ என நீட்டி எழுதுதலே நேர்மையாகும்.

7. முடிவுரை

பாளை நீரிலும் தேங்காய் நீரிலும் நிகழ்வனவற்றைத் தமிழர் நெடுங்காலமாகக் கள், காடி, பாலாடை என்னும் சொற்களால் தெளிவாகவே பிரித்தறிந்துள்ளனர். ‘நாட்டா’ என்பதற்குத் ‘தேங்காய்நீர் ஆடை’ என்பது ஆக்கமின்றியே கிடைக்கும் சொல். குழப்பம் தமிழின் வறுமையால் வருவதன்று. ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளை உறுப்புகளாகவே பெயர்ப்பதால் வருவது. எதனால் ஆயது, எங்கே நிகழ்வது, யாருக்கு உணவாவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின் பெயர்த்தால் இத்துறைச் சொற்கள் பெரும்பாலும் வழுவா. ஆடையும் கோழையும் கண்ணெதிரே காணக்கூடிய தீவுகளின் தமிழ் மாணவர்க்கு இவ்வினாக்களை எழுப்புதல் எளிது. அவர்களுக்கான பாடமும் கையேடும் எழுதுவோர் அங்கிருந்தே தொடங்கலாம்.