பனி காணப் போகும் முன்

தமிழில் 'பனி' என்னும் ஒரே சொல்லுக்குள் நாம் பலவற்றை அடக்கிவிடுகிறோம். மார்கழி விடியலில் பூசைக்குப் புறப்படும்போது முக்காட்டை நனைப்பது பனி. அம்பத்தூர் ஏரிக்கரையில் புகைபோல் படர்வதும் பனி. இமயமலை உச்சியில் உறைந்து கிடப்பதும் பனிதான். வடநாட்டிற்குக் குளிர்காலச் சுற்றுலா செல்ல விரும்புவோர் இவற்றைப் பிரித்தறிந்துகொள்ளுதல் நலம். நாம் காணப் போவது வெண்பனி. நம்மை வழியில் தடுத்து நிறுத்துவது மூடுபனி. திட்டம் முழுவதும் இவ்விரண்டையும் பொறுத்தது.

கிறிஸ்து பிறப்பு விடுமுறை நமக்குப் பத்து நாள் அளவே. அதற்குள் சிம்லா சென்று திரும்ப இயலுமா? இயலும். ஆனால் சிம்லாவோடு மணாலி, ஆக்ரா எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் காட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்களை நாம் நம்புவதற்கில்லை. சிம்லாவிலிருந்து மணாலி சுமார் 250 கிலோமீட்டர். மலைப்பாதையில் ஒரு பகல் முழுவதும் அதற்கே போய்விடும். காரின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே விடுமுறையைக் கழிப்பதற்கு இவ்வளவு தொலைவு போவானேன்!

2026ஆம் ஆண்டு நாட்காட்டியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை. பள்ளி ஜனவரி 4, திங்கட்கிழமை திறப்பதாகக் கொள்வோம். திருநாளை வீட்டில் பாட்டி தாத்தாவுடன் கொண்டாடிவிட்டு அன்றிரவு புறப்படுவதே நம் குடும்பங்களுக்கு ஏற்றது. வடக்கே செல்லும் ரயில்கள் கூடூர் வழியாகப் போவதால் நம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, பெட்டி படுக்கையோடு பக்கத்திலுள்ள சென்ட்ரலுக்கு நடக்க வேண்டும். பூந்தமல்லியார் நெடுஞ்சாலை வழியே பஸ்ஸில் வரவேண்டும். திருநாள் மாலை நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குவது நல்லது.

1976இல் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணியளவில் புறப்பட்டு, சுமார் 2,180 கிலோமீட்டர் ஓடி, இரண்டு இரவு கழித்து டில்லி சேர்கிறது. அதாவது 27ஆம் தேதி, ஞாயிறு காலை. அன்று டில்லியில் திரு இருதயப் பேராலயத்தில் திருப்பலி காணலாம். 28 காலை கால்கா ரயில், அங்கிருந்து மலை ரயில், இரவுக்குள் சிம்லா. 29, 30 இரு நாட்கள் முழுமையாக மலையில். 31 இறங்கி டில்லி. ஜனவரி 1 இரவு திரும்பும் ரயில். 3ஆம் தேதி ஞாயிறு காலை சென்னை. ஒன்பது நாட்களில் இரண்டே நாள்தானா என்று மனம் சலிக்கலாம். ஆனால் டில்லியில் விட்டுவைத்த அந்த இரு நாட்களும் வீணல்ல. அவை மூடுபனிக்கு நாம் செலுத்தும் காப்பீட்டுத் தொகை.

கங்கைச் சமவெளியில் டிசம்பர் இறுதியில் காற்று அசைவற்றுப் போகிறது. தண்ணீர் பாய்ச்சிய கோதுமை வயல்களும் ஆற்றுப் படுகைகளும் ஈரத்தைத் தர, இரவில் தரை விரைந்து குளிர, அந்த ஈரம் தரையை ஒட்டியே நுண்துளிகளாகி நிற்கிறது. சிக்னல் கண்ணுக்குத் தெரியாதபோது ரயில் எப்படி விரையும்? சிக்னல் நெருங்குவதை ஓட்டுநருக்கு முன்னரே அறிவிக்கும் கருவி இப்போது எஞ்சின்களில் உண்டு. எனினும் அடர்ந்த மூடுபனியில் மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் செல்ல அனுமதி இல்லை. ஆகவே காலை ஏழு மணிக்கு வரவேண்டிய வண்டி நண்பகலில் வந்தால் வியப்பில்லை. அன்றே அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டந்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கால்காவுக்கு ஹௌராவிலிருந்து வரும் ரயிலும் உண்டு. அது சமவெளி முழுவதையும் மூடுபனியில் கடந்து வருவது. டில்லியிலேயே புறப்படும் வண்டியைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

டிக்கெட் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. டிசம்பர் 25க்கான பதிவு அக்டோபர் 26 காலை 8 மணிக்குத் திறக்கும். திரும்பும் டிக்கெட்டுக்குரிய நாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள்! கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றும் வேளையில் டிக்கெட்டை மறந்துவிடாமல், வீட்டில் ஒருவரிடம் அப்பொறுப்பைக் கொடுத்துவிட வேண்டும். ஆவடித் தொழிற்சாலைகளில் மத்திய அரசுப் பணியாளராக உள்ள பெற்றோருக்கு, நான்காண்டுத் தொகுதிக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கும் சென்றுவர எல்.டி.சி. சலுகை உண்டு. அது பயணக் கட்டணத்துக்கு மட்டுமே. ஓட்டல் வாடகையும் உணவும் நம் கைப்பணம். புறப்படுமுன் அலுவலகத்தில் தெரிவித்துவிட்டு, டிக்கெட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கால்காவிலிருந்து மேலேறும் சிறு ரயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1903இல் திறக்கப்பட்ட இப்பாதை 96 கிலோமீட்டர் நீளம். 102 குகைகள், 800க்கும் மேற்பட்ட பாலங்கள். 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இதுவும் சேர்ந்தது. கால்கா சுமார் 650 மீட்டர் உயரம். சிம்லா 2,070 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்று பூகோளப் பாடத்தில் படிக்கிறோமே, அது ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட இந்தப் பயணத்தில் நம் தோலுக்கே தெரியும்.

ஆனால் குளிர் வேறு, வெண்பனி வேறு. மத்தியதரைக் கடல் பக்கம் தோன்றி மேற்கிலிருந்து நகர்ந்துவரும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஈரத்தைக் கொண்டுவந்தால்தான் சிம்லாவில் பனி பொழியும். ஜனவரி, பிப்ரவரியில் அதற்கு வாய்ப்பு அதிகம்; டிசம்பர் கடைசியில் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், இன்னும் உயரத்தில் உள்ள குஃப்ரியில் கிடைக்கலாம். பனியில் விளையாட அழைத்துப் போவதாகத் தங்கைகளுக்கு வாக்குக் கொடுக்கும் அண்ணன்மார் இதை நினைவில் கொள்க!

பனி இல்லாவிட்டாலும் காண நிறைய உண்டு. ரிட்ஜ் மைதானத்தருகே கிறிஸ்து ஆலயம், சற்றுக் கீழே கத்தோலிக்கரின் புனித மிக்கேல் பேராலயம், இயேசு மரி சபைக் கன்னியர் 1864இல் நிறுவிய பெண்கள் பள்ளி. அவ்வூர் மாணவியருக்கு நீண்ட விடுமுறை நம்மைப்போல் கோடையில் அல்ல, குளிர்காலத்தில். 1888இல் கட்டி முடித்த வைஸ்ராய் மாளிகையைத் தவறவிடலாகாது. அதே 1888இல் நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானபின், அம்மாளிகையை உயர் ஆய்வு நிறுவனத்துக்கு அளித்து, 1965இல் தாமே திறந்து வைத்தார். அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் திருத்தணி ரயிலைப் பார்க்கும்போதெல்லாம் இனி சிம்லாவும் நினைவுக்கு வரும்.

உடை விஷயத்தில், ஒரு கனத்த ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லியவை மேல். இடையில் அகப்படும் காற்றே உடற்சூட்டைக் காக்கிறது. எல்லாவற்றையும் சென்னையிலேயே வாங்க வேண்டாம். டில்லி ஜன்பத் கடைகளில் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்கும். ரயிலில் இறங்கும்போது போட்டுக்கொள்ள ஆளுக்கு ஒன்று, காதை மூடும் குல்லாய், கம்பளிக் காலுறை இருந்தால் போதும். சிம்லாவில் இரவு வெப்பம் இரண்டு மூன்று டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். சில இரவுகளில் சுழிக்குக் கீழும் போகும். ஆஸ்துமா, இருதய நோய் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே புறப்பட வேண்டும். மால் சாலையில் வண்டிகள் ஓடுவதில்லை. கீழ்ச்சாலையிலிருந்து ஏறிவர மின்தூக்கி உண்டு. விடியலில் நிழற்பகுதிகளில் தரைமேல் கண்ணாடிபோல் உறைந்திருக்கும் ஈரத்தில் அவசரமாக நடக்கலாகாது.

மிக முக்கியமானது ஒன்று. குளிர் தாங்காமல் அறைக்குள் கரியடுப்பை மூட்டிக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒருபோதும் உறங்கக்கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே போய்விடுவர். வடநாட்டில் குளிர்காலந்தோறும் இவ்வாறு உயிரிழப்பவர்கள் உண்டு. ஓட்டலில் கூடுதல் கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மின்சார ஹீட்டர் தந்தால் படுக்கும்முன் அறையைச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஆகவே குறுகிய வாய்ப் புட்டியில் கொண்டுபோனால் டில்லியிலேயே ஒரு சொட்டும் வராது. அகன்ற வாய் டப்பாவில் எடுத்துச் சென்றால், விரலால் வழித்து உள்ளங்கையில் தேய்த்து இரட்டைப் பின்னல் போட்டுக்கொள்ளலாம்.